சராசரிக்குச் சராசரி நியாயமாகாது! டார்ட்ஸ் கோப்பைக் கணக்கு பற்றிச் சில வார்த்தைகள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் பெரியோர்கள். அளந்தால் மட்டும் போதுமா? அளந்ததை முறையாகக் கூட்ட வேண்டும். கூட்டியதை முறையாக வகுக்க வேண்டும். கூட்டலிலும் வகுத்தலிலும் முறை தவறினால், அளந்த அளவு சரியாக இருந்தும் முடிவு அநியாயமாகப் போய்விடும். தோட்டத்து மனமகிழ் மன்றங்களில் நடக்கும் டார்ட்ஸ் போட்டிகளில் இந்த அநியாயம் யாரும் அறியாமலே நடந்து வருகிறது. இதை எடுத்துச் சொல்ல வேண்டியது என் கடமை என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் முன்போல் இல்லை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன; பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் மன்றத்துச் சுவரில் ஒரு டார்ட்ஸ் பலகை தொங்குமானால், மாலை நேரத்தில் அதன் முன்னே கூட்டம் கூடத்தான் செய்கிறது. காலையில் பால்மரம் வெட்டிய கையும், பகலெல்லாம் செக்ரோல் எழுதிய கையும் அங்கே ஒரே அம்பைப் பிடிக்கின்றன. அந்தப் பலகைக்கு முன்னால் வெட்டுக்காரர் என்றும் கிராணி என்றும் பேதமில்லை. ஆகையால் அங்கே எழுதப்படும் கணக்கும் பேதமில்லாத கணக்காக இருக்க வேண்டும் அல்லவா?

மே தினத்துக்கோ தீபாவளிக்கோ போட்டி வைக்கிறோம். வெற்றி பெற்றவருக்குக் கோப்பை. அதில் வழக்கில்லை, கடைசி ஆட்டத்தை வென்றவர் வென்றவர்தான். வழக்கு வருவதெல்லாம் இரண்டாவது பரிசில்: "போட்டி முழுவதிலும் சிறந்த சராசரி எடுத்த ஆட்டக்காரர்" என்ற பரிசில். வட்டாரக் குழுவுக்கு ஆள் பொறுக்கும்போதும் இதே சராசரியைத்தான் பார்க்கிறார்கள். கிராணி என்றால் கணக்குத் தெரிந்தவன் என்று பென்சிலை நம்மவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பென்சில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

பலகையும் கணக்கும்

ஆடாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆட்டக்காரர் பலகையிலிருந்து 7 அடி 9¼ அங்குலத்துக்கு அப்பால் நின்று, ஒரு முறைக்கு மூன்று அம்புகள் எறிகிறார். 501 புள்ளியில் தொடங்கி, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். கடைசி அம்பு "டபுள்" வளையத்தில் அல்லது நடுப்புள்ளியில் விழ வேண்டும். இப்படி முடிவது ஒரு லெக். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று லெக்குகளை வென்றால் ஆட்டம் முடிகிறது.

சராசரி என்பது, மூன்று அம்புகளுக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. எடுத்த புள்ளிகளை எறிந்த அம்புகளால் வகுத்து, மூன்றால் பெருக்க வேண்டும். 501 புள்ளியை மிகக் குறைந்தது ஒன்பது அம்புகளில் முடிக்கலாம். அப்படி முடித்தால் அந்த லெக்கின் சராசரி 167. இங்கிலாந்தின் ஜான் லோ 1984 அக்டோபரில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போட்டியில் அதைச் செய்து காட்டினார். தொலைக்காட்சியில் அது அரங்கேறியது அதுவே முதல் முறை. நாமெல்லாம் 50, 60 எடுத்தாலே கை தட்டல் வாங்குகிறவர்கள்.

ஒரே புள்ளி, இரண்டு முடிவு

ஒரு ஆட்டத்துக்குச் சராசரி போடுவதில் அதிகக் குழப்பமில்லை. போட்டி முழுவதற்கும் சேர்த்துப் போடும்போதுதான் பென்சில் வழுக்குகிறது. என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு ஆட்டத்தின் சராசரியையும் எழுதி, அவற்றைக் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். பார்வைக்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் அது சரியல்ல.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்காரரும் ஒரு கிராணியும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடுகிறார்கள்.

வெட்டுக்காரர் முதல் ஆட்டத்தில் 60 அம்புகளில் 1,002 புள்ளி எடுக்கிறார், சராசரி 50.10. இரண்டாவது ஆட்டம் ஐந்து லெக்குகள் வரை நீண்ட ஆட்டம். அதில் 120 அம்புகளில் 2,400 புள்ளி, சராசரி 60.00.

கிராணி முதல் ஆட்டத்தில் 48 அம்புகளில் 1,002 புள்ளி எடுக்கிறார்; சராசரி 62.63. இரண்டாவது, நீண்ட ஆட்டத்தில், 144 அம்புகளில் 2,400 புள்ளி; சராசரி 50.00.

வழக்கமான முறையில் சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால், வெட்டுக்காரருக்கு 55.05, கிராணிக்கு 56.31. பரிசு கிராணிக்கு!

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். இருவரும் எடுத்த மொத்தப் புள்ளி ஒன்றே: 3,402. அதை எடுக்க வெட்டுக்காரர் எறிந்தது 180 அம்புகள். கிராணி எறிந்தது 192 அம்புகள். அதே புள்ளியைப் பன்னிரண்டு அம்புகள் குறைவாக எறிந்து எடுத்தவர் யார்? வெட்டுக்காரர். உண்மையான சராசரி அவருக்கு 56.70, கிராணிக்கு 53.16. மூன்று புள்ளிக்கு மேல் முந்தி நிற்கிறவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பரிசை மற்றவரிடம் கொடுக்கிறோம்! இதில் யாரும் பொய் எழுதவில்லை. யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. வகுத்தல் மட்டும் தவறு.

எங்கே தவறு? கிராணி நன்றாக ஆடியது குறுகிய ஆட்டம், 48 அம்புகள். சுமாராக ஆடியது நீண்ட ஆட்டம், 144 அம்புகள். சராசரிக்குச் சராசரி எடுக்கிறபோது 48 அம்புக்கும் 144 அம்புக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். குறுகிய ஆட்டத்தின் ஓர் அம்பு, நீண்ட ஆட்டத்தின் மூன்று அம்புகளுக்குச் சமமாகிவிடுகிறது. எந்த நியாயத்தில்?

பால் நிறுக்கும் இடத்தில் தெரிந்த கணக்கு

இது ஏதோ படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற சூட்சுமம் என்று எண்ண வேண்டாம். பால் வாளியைத் தூக்கிய ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த கணக்கே.

பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்க்கிறோம், டி.ஆர்.சி. என்கிறோம். ஒருவர் கொண்டுவந்த பெரிய வாளியில் 20 கிலோ பால், டி.ஆர்.சி. நூற்றுக்கு 40. சிறிய வாளியில் 5 கிலோ பால், டி.ஆர்.சி. நூற்றுக்கு 30. இரண்டுக்கும் சேர்த்து என்ன விகிதம்? நாற்பதையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து 35 என்று எழுதினால், 25 கிலோ பாலில் 8.75 கிலோ ரப்பர் என்று வரும். உண்மை என்ன? பெரிய வாளியில் 8 கிலோ, சிறிய வாளியில் ஒன்றரைக் கிலோ, ஆக 9.5 கிலோ. சரியான விகிதம் நூற்றுக்கு 38. சராசரிக்குச் சராசரி எடுத்ததனால் முக்கால் கிலோ ரப்பர் காற்றில் போயிற்று!

பெரிய வாளியில் தண்ணீர்ப் பாலும் சிறிய வாளியில் கெட்டிப் பாலும் இருந்தால், அதே தவறான கணக்கு முக்கால் கிலோவை அதிகமாகக் காட்டும். தவறான கணக்குக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. இன்றைக்கு ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கும். நாளைக்கு அவரிடமே பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் "எனக்கு லாபமாக வருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று யாரும் வாயை மூடிக்கொண்டிருக்கலாகாது.

பால் நிறுக்கும் இடத்தில் எதை ஒப்புக்கொள்ள மாட்டோமோ, அதை டார்ட்ஸ் பலகையிலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வாளிக்கு எடை எப்படியோ, ஆட்டத்துக்கு அம்பின் எண்ணிக்கை அப்படி.

உலகம் ஒப்புக்கொண்ட முறை

பெரிய விளையாட்டுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சந்தேகம் தீரும். இலங்கைக்காகப் பந்து வீசிய முத்தையா முரளிதரனை அறியாதவர் நம்மில் யார்? தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவரின் பேரன் அவர். நம்மைப் போலத் தோட்டத்து வழியில் வந்தவர். 2010ஆம் ஆண்டு காலியில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடி, 133 ஆட்டங்களில் 800 விக்கெட் என்ற சிகரத்தில் நின்று விடைபெற்றார். கொடுத்த ஓட்டங்கள் 18,180. ஒரு விக்கெட்டுக்கு 22.72 ஓட்டம். பந்து வீச்சில் இந்த எண் குறையக் குறையப் பெருமை.

அந்த 22.72 எப்படி வந்தது? மொத்த ஓட்டத்தை மொத்த விக்கெட்டால் ஒரே முறை வகுத்து வந்தது. நாடு நாடாகப் பிரித்துச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளுக்கு மறுபடி சராசரி எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்தது 59 விக்கெட், சராசரி 36.06. வங்காள தேசத்துக்கு எதிராக 89 விக்கெட், சராசரி 13.37. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சுமார் 24.7. ஓட்டங்களை ஒன்றாகக் கூட்டி 148 விக்கெட்டால் வகுத்தால் சுமார் 22.4. உண்மை எது? இரண்டாவதே. ஏனெனில் 89 விக்கெட்டுக்கு 59 விக்கெட்டைவிட எடை அதிகம்.

"வங்காள தேசத்திடம் எடுத்த விக்கெட்டும் ஆஸ்திரேலியாவிடம் எடுத்த விக்கெட்டும் ஒன்றா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிரிக்கெட்டில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு. எதிராளியின் மட்டை நம் பந்தைத் தடுக்கிறது. டார்ட்ஸில் எதிராளி நம் அம்பைத் தடுப்பதில்லை. பலகை எல்லாருக்கும் ஒன்றே. ஆகையால், எதிராளி வலியவரா எளியவரா என்று பார்த்துச் சராசரியைக் கூட்டிக் குறைக்கும் வேலை நமக்கு வேண்டியதில்லை. எளிய கணக்கே போதும். ஆனால் அந்த எளிய கணக்கைச் சரியாகச் செய்ய வேண்டும்.

முறையை எண்ணாதே, அம்பை எண்ணு

இன்னொரு தவறும் நம் தாள்களில் மலிந்து கிடக்கிறது. அம்புகளை எண்ணாமல், எத்தனை முறை பலகைக்கு முன் வந்தார் என்று எண்ணி, மூன்றால் பெருக்கிவிடுகிறார்கள்.

ஒருவர் ஆறாவது முறை வந்து, முதல் அம்பிலேயே டபுள் அடித்து லெக்கை முடித்துவிடுகிறார். அவர் எறிந்தது 16 அம்புகள். சராசரி 93.94. தாளில் "ஆறு முறை, 18 அம்பு" என்று எழுதினால் சராசரி 83.50. எறியாத இரண்டு அம்புகளை அவர் தலையில் கட்டிப் பத்துப் புள்ளியைப் பறித்துவிட்டோம்! அதுவும் யாரிடமிருந்து? முதல் அம்பில் முடித்த கைகாரரிடமிருந்து. திறமைக்குத் தண்டனையா?

ஆகையால், லெக் முடியும்போது கடைசி முறையில் எத்தனை அம்பு எறிந்தார் என்பதை, 1 அல்லது 2 அல்லது 3 என்று, ஓரத்தில் குறிக்க வேண்டும். தோற்றவருடைய மீதிப் புள்ளியையும் குறிக்க வேண்டும். அவர் 501 எடுக்கவில்லை. 51 மீதியிருந்தால் எடுத்தது 450. இதைக் குறிக்காத தாளிலிருந்து யார் வந்தும் சரியான சராசரி எடுக்க முடியாது.

மீதிக்கு மேல் அடித்து அந்த முறையே வீணாகிப் போவதும் உண்டு. அப்போது புள்ளி சுழியம். அந்த முறைக்கு மூன்று அம்புகள் என்று எழுதுவது நல்லது. எப்படி எழுதுவது என்று முன்னதாகவே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றி எழுதினால், ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்றாகிவிடும்.

தோற்றவர் சராசரி உயர்வது ஏன்?

வென்றவரைவிடத் தோற்றவருக்குச் சராசரி அதிகமாக வந்தால் உடனே "கணக்கில் புரட்டு" என்று கூச்சல் எழுகிறது. புரட்டு இல்லாமலும் அப்படி வரலாம். பாருங்கள்.

ஒருவர் 18 அம்புகளில் 461 எடுத்து, 40 மீதி வைக்கிறார். இனி டபுள் 20 விழ வேண்டும். ஐந்து அம்புகள் வளையத்துக்கு வெளியே போகின்றன, ஆறாவது விழுகிறது. ஆக 24 அம்புகள், சராசரி 62.63. எதிராளி அதற்குள் 21 அம்புகளில் 450 எடுத்திருக்கிறார்; சராசரி 64.29. தோற்றவர் சராசரியில் முந்துகிறார்! ஏனென்றால் டபுளுக்காக அம்பை வீணாக்கும் கட்டம் அவருக்கு வரவே இல்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சராசரி என்பது புள்ளி குவிக்கும் திறமையை அளக்கும் கோல். ஆட்டத்தை முடிக்கும் திறமை முழுவதையும் அது அளக்காது. ஆகையால் "சிறந்த சராசரிப் பரிசு" என்று பெயர் வைத்தால் அந்தப் பெயரிலேயே கொடுக்க வேண்டும். "சிறந்த ஆட்டக்காரர்" என்று பெயர் மாற்றக் கூடாது. வசதியுள்ள மன்றங்கள் இன்னும் இரண்டு பத்திகள் எழுதலாம்: ஒவ்வொரு லெக்கிலும் முதல் ஒன்பது அம்புகளின் சராசரி ஒன்று, டபுளுக்கு எறிந்த அம்புகளில் எத்தனை விழுந்தன என்பது ஒன்று. உலகப் போட்டிகளிலும் இந்த இரண்டையும் தனியே பார்க்கிறார்கள்.

ஒரு லெக் பதமாகாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் ஓர் ஆட்டக்காரனுக்கு ஒரு லெக் பதமல்ல.

கிரிக்கெட்டில் டான் பிராட்மனின் சராசரி 99.94. எண்பது இன்னிங்ஸில் 6,996 ஓட்டம். பத்து முறை ஆட்டமிழக்கவில்லை. ஆகவே 70ஆல் வகுத்தார்கள். 1948ஆம் ஆண்டு தம் கடைசி இன்னிங்ஸில் நாலே ஓட்டம் எடுத்திருந்தால் நூறு வந்திருக்கும், முட்டையோடு திரும்பினார். அதே 1948இல் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கான்டோம் ஒரே ஒரு டெஸ்ட் ஆடி, ஒரே ஒரு இன்னிங்ஸில் 112 எடுத்தார். மறுபடி அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர் சராசரி 112. அப்படியானால் பிராட்மனைவிடப் பெரியவரா? அவரது ஆட்டத்தைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சராசரிப் பட்டியல் போடுகிறவர்கள் பொதுவாக இருபது இன்னிங்ஸாவது ஆடியிருக்க வேண்டும் என்று வரம்பு கட்டுகிறார்கள். அந்த வரம்பு இல்லையேல் பட்டியலுக்கே பொருளில்லை.

டார்ட்ஸிலும் இதுவே. ஹாலந்தின் மைக்கேல் வான் கெர்வன் 2016 பிப்ரவரியில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஓர் ஆட்டத்தில் 123.40 சராசரி எடுத்து உலகத்தை வாய் பிளக்க வைத்தார். அது ஓர் இரவின் கணக்கு. அவருடைய ஆண்டுச் சராசரி 123 என்று யாரும் எழுதவில்லை.

நம் மன்றத்திலோ, முதல் சுற்றில் இரண்டு லெக் ஆடித் தோற்று வீட்டுக்குப் போனவர், அந்த இரண்டு லெக்கின் சராசரியை வைத்துக்கொண்டு, கடைசி வரை பதினைந்து லெக் ஆடியவரோடு பரிசுக்குப் போட்டியிடுகிறார். இது முறையல்ல. இத்தனை லெக் ஆடியவருக்கே இந்தப் பரிசு என்று அறிவிப்பிலேயே எழுத வேண்டும். பத்து லெக் என்று வைக்கலாம். போட்டி சிறிதானால் எட்டு என்று வைக்கலாம். எண் எதுவானாலும் போட்டிக்கு முன்னே அறிவிக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின், யார் உள்ளே வருகிறார் யார் வெளியே போகிறார் என்று பார்த்து வரம்பு கட்டினால், அது வரம்பல்ல, சூழ்ச்சி.

வெற்றிடமும் சுழியமும் ஒன்றல்ல

எதிராளி வரவில்லை, ஆட்டம் ஆடாமலே வெற்றி. அந்த ஆட்டத்துக்குச் சராசரி என்ன? சில தாள்களில் சுழியம் என்று எழுதி, வகுக்கும்போது அதையும் ஓர் ஆட்டமாக எண்ணிவிடுகிறார்கள். எறியாத அம்புக்குப் புள்ளியும் இல்லை, கணக்கும் இல்லை. அங்கே ஒரு கோடு போட்டுவிட வேண்டியதுதான். மொத்தப் புள்ளியை மொத்த அம்பால் வகுக்கும் முறையில் இந்தத் தொல்லை தானாகவே மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம் சம்பளக் கணக்கு நினைவுக்கு வராமல் போகாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? நாட்கூலிக்கோ துண்டுக்கூலிக்கோ வேலை செய்பவரின் ஒரு நாள் சாதாரணச் சம்பள விகிதத்தைக் காண, முந்திய சம்பள காலத்தில் அவர் ஈட்டிய சம்பளத்தை அவர் உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும் என்கிறது. ஓய்வு நாள், பொது விடுமுறை நாள் வேலைக்கான சம்பளமும் அந்த நாட்களும் இதில் சேரா. மழையில் வெட்டு நின்ற நாளை, வேலை செய்த நாளாக எண்ணி வகுக்கலாகாது. ஒருவர் 24 நாள் வெட்டி 1,800 வெள்ளி ஈட்டினால், நாளுக்கு 75 வெள்ளி. அதையே 30ஆல் வகுத்தால் 60 வெள்ளி. வகுக்கும் எண்ணை மாற்றினால் பதினைந்து வெள்ளி மறைந்துவிடுகிறது. மேலே உள்ள எண்ணைப் பார்க்கிற நாம் கீழே உள்ள எண்ணையும் பார்க்கப் பழக வேண்டும். டார்ட்ஸ் தாளில் பழகிய கண், சம்பளத் தாளிலும் பார்க்கும்.

சில ஆட்சேபணைகள்

"விளையாட்டுக்கு இத்தனை கணக்கா?" என்பார்கள் சிலர். பரிசு வேண்டாம் என்றால் கணக்கும் வேண்டாம். கூடி ஆடிக் கலைந்து போகலாம். பரிசு என்று ஒன்று வைத்தபின், அது உரியவருக்குப் போக வேண்டும். ஒரு வெட்டுக்காரர் தமக்கு வர வேண்டிய பரிசு தவறிப் போனதை அறிந்தால், நாளைக்குப் பால் நிறுக்கும் இடத்தில் அந்தக் கிராணியின் பென்சிலை எப்படி நம்புவார்? கோப்பை சிறியது, நம்பிக்கை பெரியது.

"ஒவ்வொரு ஆட்டமும் சமம், ஆகையால் ஒவ்வொரு ஆட்டத்தின் சராசரிக்கும் சம எடை கொடுப்பதே நியாயம்" என்று வாதிப்பவர்களும் உண்டு. இதில் ஓரளவு பொருள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே சீராக ஆடுபவரைப் பாராட்ட வேண்டும் என்றால், வென்ற ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி, தோற்றதற்குச் சுழியம் என்று தனிப் பட்டியல் போடுங்கள். அது வேறு பரிசு. ஆனால் "போட்டி முழுவதன் சராசரி" என்று பெயர் சொல்லிவிட்டு, போட்டி முழுவதையும் எடை போடாமல் விடுவது பெயருக்கே துரோகம்.

"இப்போதுதான் கைப்பேசியிலேயே கணக்கு வந்துவிட்டதே!" என்பார்கள் இளைஞர்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் கைப்பேசி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சரியான சராசரியைக் கொடுத்தபின், யாரோ ஒருவர் அந்தச் சராசரிகளை எடுத்துக் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பழைய தவறு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி வகுத்தலைச் செய்வது மனிதன்தான்.

செய்ய வேண்டியவை

மன்றங்களின் காரியதரிசிகளும் தாள் எழுதும் தோழர்களும் கீழ்க்கண்டவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பது என் வேண்டுகோள்.

1. ஒவ்வொரு லெக்கிலும் ஒவ்வொருவரும் எடுத்த புள்ளியையும் எறிந்த அம்புகளையும் தனித்தனியே எழுத வேண்டும். வென்றவரின் கடைசி அம்பு எத்தனையாவது என்றும், தோற்றவரின் மீதி எவ்வளவு என்றும் குறிக்க வேண்டும்.

2. போட்டி முடிந்தபின் புள்ளிகளையெல்லாம் கூட்டி, அம்புகளையெல்லாம் கூட்டி, ஒரே முறை வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். இடையில் எங்கும் தசமத்தைச் சுருக்கக் கூடாது. கடைசி விடையில் மட்டும் இரண்டு தசமத்தோடு நிறுத்த வேண்டும்.

3. 301 ஆட்டத்தையும் 501 ஆட்டத்தையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. 301இல் டபுளுக்குச் செலவாகும் அம்புகளின் பங்கு அதிகம். அதை ஆடியவர் சராசரி தானே இறங்கும். ஜோடி ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு வேண்டும்.

4. பரிசுக்குத் தகுதி பெறக் குறைந்தது எத்தனை லெக் ஆட வேண்டும் என்பதை, போட்டி தொடங்குமுன் பலகையில் ஒட்ட வேண்டும்.

5. ஆடாத ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

6. கணக்கை மேசைக்குள் வைத்துப் பூட்டாமல், தாளை மன்றத்துச் சுவரில் ஒரு வாரமாவது ஒட்டிவைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கட்டும், வகுத்துப் பார்க்கட்டும்.

இவற்றில் ஆறாவதே தலையாயது. முதல் ஐந்தையும் கிராணி சரியாகச் செய்தாலும், செய்ததை மற்றவர் காண முடியாவிட்டால் சந்தேகம் தீராது. கணக்குத் தெரிந்தவன் தான் போட்ட கணக்கைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவன். கணக்குத் தெரியாதவர் "எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்க உரிமை பெற்றவர். அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் கூச வேண்டாம். அதற்குப் பதில் சொல்ல யாரும் சலித்துக்கொள்ளவும் வேண்டாம்.

தோழர்களே! கூட்டிய பிறகு வகுப்போம். ஒரே முறை வகுப்போம். வகுத்ததை எல்லாரும் பார்க்க ஒட்டுவோம். அடுத்த போட்டியின் அறிவிப்புத் தாளிலேயே இந்த விதிகளை எழுதி, போட்டிக்கு முன்னே எல்லார் ஒப்புதலும் வாங்கிவிடுவோம். பிறகு யார் பரிசு வாங்கினாலும் மற்றவர்கள் மனமாரக் கை தட்டலாம்.